சும்மா இருக்கிற மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் பையனுக்குப் பெண் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பையன் சும்மா இருக்கிறான் என்று சொல்லுங்கள், பெண் கிடைக்கும். விவசாயம் பார்க்கிறான் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

அரசாங்க உத்தியோகம் முதல் வரிசை. சிங்கப்பூர் அதற்கு அடுத்தது. மூன்றாவது, வேலை தேடிக்கொண்டிருக்கும் இன்ஜினியர். தேடுகிறவனுக்கு என்றைக்காவது கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா? நிலத்தையும் வைத்துக்கொண்டு அதில் இறங்கியும் நிற்கிறவனிடம் அப்படி என்ன நம்பிக்கை இருக்கிறது? அவனுக்குக் கடைசி வரிசையில்கூட நாற்காலி போட மாட்டார்கள். நான் முருகையன், திருவையாற்றில் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் மடியில் மகனுடைய ஜாதகத்தையும் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். படித்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.

என் அக்கா ஆனந்தவல்லியின் மகன் சதீஷ் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். வந்த புதிதில் பொழுது போகாமல் வாய்க்கால் மதகுக்குப் போய் உட்கார்ந்திருந்தான். அப்புறம் தண்ணீர் கட்டப் போனான், அப்புறம் நாற்று, அப்புறம் உரம். இன்றைக்கு அந்த வீட்டில் பட்டா அத்தான் துரைராசு பெயரில், பாடு சதீஷ் பெயரில். ஆனால் அவனையே கேட்டுப் பாருங்கள், "சும்மாதான் இருக்கேன் மாமா" என்பான். ஊரும் அதைத்தான் சொல்லும். சம்பளம் வராததை வேலை என்று எந்த ஊரில் சொல்லியிருக்கிறார்கள்?

இப்படியே இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. முதலில் வந்தவர்கள் குறுக்கு வழி என்று வரப்பு வழியாக வந்து, மண்வெட்டியும் கையுமாக அரை டிராயரில் நின்ற மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளை வீட்டுக்கு வழி கேட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் அவன் காலைப் பார்த்தார்கள். முகம் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லும், சேற்றுப்புண் பிடித்த கால் சொல்லாது.

மூன்றாவதாக நான் பிடித்துக்கொண்டு வந்ததுதான் ஜெயபாரதி. சீர்காழிப் பக்கம் ராஜராஜன் என்கிறவருடைய மகள், ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. சதீஷ் அவளை ஒரே ஒரு தடவை பார்த்தான். அன்றிலிருந்து போனைப் பார்த்துச் சிரிக்கிற பையனாகிவிட்டான். இது தவறினால் அவன் இனிமேல் பெண்ணே வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அந்தப் பயத்தில் அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

ராஜராஜன் போனிலேயே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். "வேலை இல்லாட்டிப் பரவால்லிங்க, பையன் தேடிக்குவான். விவசாயம் பண்ற பையன் மட்டும் வேணாம். கடைமடையில கெடந்து நான் பட்டது என்னோட போகட்டும்."

"பையன் அந்தப் பக்கமே போக மாட்டான்ங்க. வெயிலே ஆகாது" என்றேன் நான்.

சதீஷிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். ஒரு வாரம் வயல் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. செருப்பில்லாமல் வாசலுக்குக்கூட இறங்கக்கூடாது. காலுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டு, கட்டிலில் படுத்து, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்ஜினியர் லட்சணம் அதுதான். அவன் தலையை ஆட்டினான். தலையை ஆட்டினால் கேட்டுக்கொண்டான் என்று அர்த்தமா? மாடும்தான் ஆட்டுகிறது.

ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை ராஜராஜனும் அவர் மனைவி சௌந்தரநாயகியும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்து இறங்கினார்கள். கை நனைக்கிற நாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சம்பந்தம் பேச வருகிற வீட்டில் மனசு ஒப்பினால்தான் சாப்பாட்டில் கை வைப்பார்கள். ஒப்பவில்லையென்றால், எட்டு வகைக் கறி இருந்தாலும் "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறி, கும்பகோணத்தில் ஓட்டல் தேடுவார்கள். ஒரு வாய்ச் சோறு உள்ளே போய்விட்டால் முடிந்தது கதை, அதற்கப்புறம் பின்வாங்குகிறவனை இரண்டு பக்கத்து உறவும் மனுஷனாக மதிக்காது. அக்கா விடியற்காலையிலேயே எழுந்து அவியல், வாழைப்பூ வடை, வத்தக்குழம்பு, பருப்புப் பாயசம் என்று ஊருக்கே ஆக்குவதுபோல் ஆக்கி வைத்திருந்தாள்.

ராஜராஜன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். சதீஷின் காலைப் பார்த்தார். கால் பளபளவென்று இருந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்கா இலையைக் கழுவப் போனாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொடுதிரை டேப்.

எங்கள் பக்கத்தில் டேப்போடு யார் வந்து நின்றாலும் அது நிவாரணம்தான். போன தை மாதம் அறுக்கிற நேரத்தில் மழை பெய்து சம்பா சாய்ந்ததற்கு அத்தான் இன்னும் வழி மேல் விழி வைத்துக் காத்திருக்கிறார். அவளைக் கண்டதும் அவர் முகம் வெள்ளம் பாதித்த முகமாகிவிட்டது.

"வணக்கம் சார். என் பேரு செம்மொழி. வேலை, வேலையின்மை பத்தின கணக்கெடுப்பு. சாம்பிள்ல உங்க வீடு வந்திருக்கு. போன தடவை வந்தப்ப பூட்டியிருந்துச்சு…"

அத்தான் காதில் கணக்கெடுப்பு என்ற ஒரு சொல்தான் விழுந்தது. "உள்ள வாம்மா, உள்ள வா. மொதல்ல ஒக்காரு."

"அத்தான், நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று காதைக் கடித்தேன்.

"நீ சும்மா இருடா முருகையா. நாளைக்கு வந்தா லிஸ்ட் மூடிருவாங்க."

அந்தப் பெண் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் யார் யார் என்று கேட்டாள். அக்காவைப் பற்றிக் கேட்டதும் அத்தான், "அவ சும்மா வீட்டுலதான் இருக்கா" என்றார். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"மாடு இருக்கே, பால் சொசைட்டிக்கு ஊத்துறாங்களா?"

"ரெண்டு வேளையும் நான்தான் கறந்து ஊத்துறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அப்ப நீங்க வேலையில இருக்கீங்கம்மா. சுயதொழில்."

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "கேட்டுக்கிட்டீங்களா?" என்று அத்தானைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"நீங்க என்ன பண்றீங்க சார்?"

"விவசாயம்தாம்மா. போன தை மழையில மொத்தமும்…"

"கடைசி ஏழு நாள்ல வயலுக்குப் போனீங்களா? ஒரு மணி நேரமாவது?"

அத்தான் முழங்காலைத் தடவினார். "மேற்பார்வை."

"எங்கேருந்து?"

"டீக்கடையிலேருந்து" என்றாள் அக்கா.

"மேற்பார்வையும் வேலைதான் சார்" என்று அந்தப் பெண் பெருந்தன்மையாகக் குறித்துக்கொண்டாள். "பையன்?"

அத்தான் கூடத்துக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "பி.இ. வேலை இல்ல. தேடிக்கிட்டிருக்கான்."

ராஜராஜன் திருப்தியாகத் தலையசைத்தார்.

"சரி. இந்த ஏழு நாள்ல சொந்த வயல்ல ஏதாச்சும் செஞ்சாரா? சம்பளம் இல்லாம செஞ்சாலும் கணக்குதான். ஒரு மணி நேரம் போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு மணி நேரம் வேல பாத்தா ஒருத்தன் வேலையில இருக்கான்னு அர்த்தமா? இது எந்த ஊர் நியாயம்மா?"

"உலகம் பூரா அப்படித்தான் சார் எடுக்கிறாங்க. நான் வச்ச சட்டம் இல்ல."

"ஒரு மணி நேரமா? இவனா?" அத்தான் சிரித்தார். "துரும்பைக் கிள்ளி அந்தப் பக்கம் போட மாட்டான்ம்மா."

"படுத்தா எந்திரிக்கவே மாட்டான்" என்று நானும் முட்டுக் கொடுத்தேன். "காபிகூடக் கட்டிலுக்குத்தான் போகும்."

"வயல் எந்தத் திசையில இருக்குன்னு கேட்டுப் பாரு. முழிப்பான்."

பெற்ற மகனின் சோம்பேறித்தனத்தை இவ்வளவு பெருமையாகப் பேசிய தகப்பனை அந்தப் பெண் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டாள். சதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்துபோயிருந்தது. சௌந்தரநாயகி என்னவோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவதுபோல் இருந்தது. எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ராசம்மாள் ஓடி வந்தாள். எங்கள் வயலுக்குக் கீழே கடைசித் துண்டைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவள்.

"சதீசு! வாய்க்காலத் தொறந்து அடைக்கிற லஸ்கர் சாயங்காலம் அடைச்சிருவாராம்யா. உங்க முறை இப்பவேயாம். நீ வந்து பலகையத் தூக்கினாத்தான எனக்குத் தண்ணி! என் பயிரு பூத்து நிக்கிதுய்யா."

முறைத் தண்ணீர் என்றால் யாருடைய முறையோ அந்த வீட்டுக்காரன்தான் மதகுப் பலகையைத் தொடலாம். வேறு யாராவது தொட்டால் மண்டை உடையும்.

"நான் வர்றேன், போ" என்று அத்தான் அவசரமாக எழுந்தார்.

"ஐயய்யே, நீங்க வேணாம்ண்ணே. போன தடவ பலகையத் தலகீழா போட்டுட்டு வந்தீங்க. ராவெல்லாம் தண்ணி அடுத்த ஊருக்குப் போச்சு. புள்ளதான் வரணும்." அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். அவளுக்கும் நிவாரண ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும். பையனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "இந்தப் புள்ள பேர நல்லா எழுதிக்க தாயி. நேத்து வரைக்கும் அதுதான் தண்ணி கட்டுச்சு. வரப்பு அண்டை வெட்டுச்சு, எலிக்கு கிட்டி வச்சுச்சு. மோட்டார் கெட்டா அதுதான் பிரிச்சு மாட்டும். காலுல பூசின மஞ்சளோடயே சேத்துல எறங்குச்சுன்னா பாத்துக்கயேன்!"

ராஜராஜன் சதீஷின் காலை இன்னொரு தடவை பார்த்தார்.

"அப்ப ஏழு நாளும் வேலை. குடும்பத் தொழில்ல உதவியாளர், விவசாயம்" என்றாள் செம்மொழி.

"என்னது?" என்று ராஜராஜன் எழுந்துவிட்டார்.

"இல்ல! இல்ல!" அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். "வேலையில்லாதவன்னு போடும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"வேலையில்லாதவர்னு போடணும்னா, வேலை தேடியிருக்கணும். இல்லாட்டிக் கிடைச்சாப் போகத் தயாரா இருக்கணும் சார்." அவள் சதீஷ் பக்கம் திரும்பினாள். "கடைசியா எப்ப விண்ணப்பம் போட்டீங்க?"

சதீஷ் தலையை நிமிர்த்தினான். "போன வருசமே விட்டுட்டேங்க."

அத்தான் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். மகன் சென்னைக்கும் பெங்களூருக்கும் இன்டர்வியூ பேசிக்கொண்டிருக்கிறான் என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாளில்லை. "அப்ப ராத்திரியெல்லாம் லேப்டாப்புல என்னத்தடா பாத்துக்கிட்டிருந்த?"

"மேட்டூர் நீர்மட்டம்ப்பா."

"சரிங்க, இன்னிக்கு யாராவது வேலைக்குக் கூப்பிட்டாப் போவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இன்னிக்கா? இன்னிக்கு எங்க முறைங்க."

"அப்ப வேலையில்லாதவர்னும் போட வழியில்ல சார்."

"வேலையில்லாதவனா இருக்கக்கூட ஒரு தகுதி வேணுமா!" என்று அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சதீஷ் ராஜராஜன் முன்னால் போய் நின்றான். "ஐயா, நான் சும்மா இல்லிங்க. விவசாயம்தான் பாக்குறேன். வேற வேலை இனிமே தேடப் போறதும் இல்ல. உங்க பொண்ணைப் புடிச்சிருக்கு. ஆனா துரும்பைக் கிள்ளாதவன்னு பேரு வாங்கிக் கட்டிக்க மனசு வரல. மன்னிச்சிருங்க." அப்புறம் அந்தப் பெண்ணிடம், "எழுதிக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராசம்மாளோடு போய்விட்டான்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. எத்தனை போன், எத்தனை நடை, எத்தனை மஞ்சள்! அக்கா கரண்டியைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ராஜராஜன் படியிறங்கினார். கார் நின்ற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.

"எங்கங்க போறீங்க?" என்றாள் சௌந்தரநாயகி.

"தண்ணி ஓடுதாம்ல. பாத்துட்டு வர்றேன்."

நானும் பின்னாலேயே ஓடினேன். கல்யாணம்தான் போயிற்று, பையனை வாய்க்கால் கரையில் வைத்து நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போகலாம் என்று கிளம்பியிருக்கிறார், திட்டுகிறபோது பக்கத்தில் ஒரு மாமன் இருக்க வேண்டாமா?

மதகில் பலகை ஊறி இறுகிப்போயிருந்தது. சதீஷ் தொடையளவு தண்ணீரில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான். ராஜராஜன் கரையில் நின்று ஓடுகிற தண்ணீரையே பார்த்தார். பசித்தவன் பந்தியைப் பார்க்கிற பார்வை அது. திட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தார்.

"நேரா இழுக்காதப்பா. ஒரு பக்கம் தட்டிட்டு இழு."

"தட்டிப் பாத்துட்டேங்க."

"அப்படித் தட்டினா வருமா?" என்றவர், சரிகை வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். இவர் தட்ட, அவன் இழுக்க, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வைதுகொள்ள, பலகை ஒரு வழியாக மேலே வந்தது. தண்ணீர் பாய்ந்தது. எங்கள் வயலுக்குள் அல்ல. சதீஷ் எங்கள் மடையை மண் போட்டு அடைத்துவிட்டு, தண்ணீரை நேராக ராசம்மாள் துண்டுக்கு விட்டான்.

"உன் முறைதானப்பா இது?" என்றார் ராஜராஜன்.

"அவங்க பயிரு பூத்திருக்குங்க. இப்ப காஞ்சா பதரா போயிரும். எங்களுது அடுத்த முறை வரைக்கும் தாங்கும்."

ராஜராஜன் கரையேறினார். ராசம்மாளின் வயலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடியே நின்றார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு மேல எத்தினி மடை இருக்கு தெரியுமாங்க? நான் விவசாயம் பாத்த இத்தினி வருசத்துல, எனக்காக ஒருத்தன் பலகையத் தூக்கினதில்ல." அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாய்க்காலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் வீடு திரும்பியபோது செம்மொழி இன்னும் போகவில்லை. அக்கா விடவில்லை. "என்னைய வேலையில இருக்கான்னு சொன்ன மொத ஆளு நீ. சாப்புடாம போயிருவியா?" என்று இலை போட்டு உட்கார வைத்திருந்தாள். பக்கத்தில் சௌந்தரநாயகி அவளிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு இது நிரந்தர வேலையாம்மா?"

"ஒப்பந்தம்மா. அடுத்த மாசம் முடியுது."

"அப்புறம்?"

"அப்புறம் யாராவது வந்து என்னையக் கேப்பாங்க" என்று சொல்லி அவள் வடையைக் கடித்தாள்.

ராஜராஜனும் சதீஷும் கிணற்றடியில் கால் கழுவும்போதே சண்டை பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். குறுவைக்கு எந்த ரகம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

"அந்த ரகம் காத்துக்குச் சாயும்ப்பா."

"உரம் அதிகமாப் போட்டாத்தாங்க சாயும். எங்க மாமா கடையில சொல்றதக் கேட்டுப் போட்டா சாயத்தான் செய்யும்."

அடப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். ராஜராஜன் பேசிக்கொண்டே வந்து, வயலிலிருந்து வந்த மனுஷன் எப்படி உட்காருவானோ அப்படி, காலியாக இருந்த இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா ஒரு நிமிடம் திகைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அவள் சோற்றைப் போட்டு வத்தக்குழம்பை ஊற்றினாள். அவர் இலையைப் பார்க்கவே இல்லை. "தூர் கட்டுற நேரத்துல தண்ணிய வடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டபடி பிசைந்து, உருட்டி, ஒரு வாய் போட்டுக்கொண்டார். இன்னொரு வாயும் போட்டுக்கொண்டார்.

"என்னங்க!" என்றாள் சௌந்தரநாயகி. "கை நனைச்சுட்டீங்களே!"

அவர் மென்றுகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினார். கையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், சதீஷைப் பார்த்தார். வாயில் இருப்பதை அவர் துப்பிவிடுவாரோ என்றுகூட எனக்குப் பயம் வந்தது.

அவர் விழுங்கினார்.

"பாரதிகிட்ட என்ன சொல்றது?" என்று மனைவியைக் கேட்டார். "விவசாயி வேணாம்னு நான்தான சொன்னேன்."

"அவளுக்கு என்னிக்கோ தெரியும். பையன் கதிரு கதிரா போட்டோ எடுத்து அனுப்புறான். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதம்மான்னா."

ஆக, இரண்டு வீட்டாரும் ஒரே விஷயத்தை ஒரே ஆளிடம்தான் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் ஒரு வாரம் செலவழித்த மூளை அத்தனையும் வீண்.

ராஜராஜன் கொஞ்சம் வீறாப்போடு, பக்கத்து இலையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த செம்மொழியிடம் திரும்பினார். "வேல பாத்துட்டு வந்தாப் பசிக்கும்லம்மா? எழுதிக்க. நானும் இன்னிக்கு ஒரு மணி நேரம் வேல பாத்திருக்கேன்."

"உங்களை எழுத முடியாது சார்" என்றாள் அவள். "நீங்க இந்தக் குடும்பத்து ஆள் இல்லையே."

"இப்ப ஆயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, சௌந்தரநாயகி தனக்கும் ஓர் இலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.